பதிவேடு தந்த பிறந்த நாள்

அஸர் தொழுகை முடிந்து, மாலை மதரஸா கூடியிருந்த நேரம். பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து பாடம் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கையில் மிட்டாய்ப் பொட்டலத்துடன் எழுந்து என்னிடம் வந்தான்.

“ஹஜ்ரத், இன்றைக்கு எனக்குப் பிறந்த நாள். எல்லோருக்கும் கொடுக்கட்டுமா?”

கொடுக்கச் சொன்னேன். எல்லோருக்கும் கொடுத்து முடித்தவன் தன் இடத்திற்குத் திரும்பவில்லை.

“உங்களுக்கு எப்போது ஹஜ்ரத் பிறந்த நாள்?”

எளிய கேள்விதான். ஆனால் என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. “எனக்கு இரண்டு உண்டு, பிறகு சொல்கிறேன். இப்போது பாடத்தை ஓது” என்று அவனை அனுப்பிவிட்டேன். அன்றிரவு வீடு திரும்பிய பின்னரும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாற்பத்தைந்து வயதைக் கடந்துவிட்ட ஒருவன் தன் வாழ்வில் மறக்க முடியாத பிறந்த நாள்கள் எவையெவை என்று எண்ணிப் பார்த்தபோது எழுந்த சிந்தனைகளையே வாசக அன்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிறந்த நாளைக் கொண்டாடலாமா, கூடாதா என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். அந்த விவாதத்திற்குள் நான் செல்லவில்லை. நினைவுகூர்வது வேறு, கொண்டாடுவது வேறு. இது நினைவுகூரும் கட்டுரை மட்டுமே.

எட்டாத காது

நான் பிறந்தது தஞ்சைப் பகுதியில் உள்ள எங்கள் பூர்வீக ஊரில். பிறந்த தேதியை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் என் தாயாருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. “மழைக்காலம். ஹிஜ்ரி 1400 பிறந்துவிட்டது என்று பள்ளிவாசலில் பயான் செய்த மாதம். ஆஷூரா நோன்பு கழிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சுபுஹுக்குப் பாங்கு சொல்லும்போது நீ பிறந்தாய்” என்பார்கள். ஹிஜ்ரி 1400 முஹர்ரம் மாதம் என்பது 1979 நவம்பர், டிசம்பர் மாதங்களாகும். மாதமும் தெரியும், வேளையும் தெரியும்; ஆங்கிலத் தேதி மட்டும் தெரியாது.

1984 ஜூன் மாதம். இராயப்பேட்டையில் ஒரு தையற்கடையில் வேலை பார்த்துவந்த என் அத்தா, மயிலாப்பூரில் இருந்த மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். முதல் வகுப்பில் சேர ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். எனக்கோ நாலரை வயது. பிறப்புச் சான்றிதழ் ஏதும் கையில் இல்லை. அந்நாளில் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு சோதனை உண்டு. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு சென்று இடக்காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் வயது நிறைந்துவிட்டதாகப் பொருள்.

தலைமையாசிரியர் தொடச் சொன்னார். நான் முயன்றேன், எட்டவில்லை.

“அடுத்த வருஷம் கொண்டு வாங்க பாய்” என்றார்.

அத்தா தயங்கி நின்றார்கள். “அடுத்த வருஷம் வரைக்கும் இங்கே இருப்போமா தெரியவில்லை சார். வாடகை கட்டிக் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. பிள்ளைக்கு இங்கே இடம் கிடைத்தால் எப்படியாவது சமாளித்து இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். இல்லையென்றால் இந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்” என்றார்கள்.

தலைமையாசிரியர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின் என்னை அருகில் அழைத்து மறுபடியும் காதைத் தொடச் சொன்னார். நான் கையை நீட்டியபோது, தம் உள்ளங்கையால் என் தலையை மெல்லச் சாய்த்தார். விரல் நுனி காதில் பட்டது. “எட்டிவிட்டதே!” என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்து பதிவேட்டில் எழுதினார்: 1.6.1979.

அதுவே இன்றுவரை என் பிறந்த நாள். பள்ளிச் சான்றிதழிலும், பட்டச் சான்றிதழிலும், வாக்காளர் அட்டையிலும், ஆதாரிலும் அதுதான். என்னை இறைவன் படைத்தான், தாய் ஈன்றாள், ஆனால் எனக்குப் பிறந்த நாள் ஒன்றைத் தந்தவர் ஓர் ஆசிரியர்.

ஜூன் மாதத்துப் பிள்ளைகள்

இது என் ஒருவனுடைய கதையன்று. என் வயதினரிலும் எனக்கு மூத்தவர்களிலும் ஜூன் மாதத்தில் ‘பிறந்தவர்கள்’ ஏராளம். ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்ததால் அம்மாதத்தில் அத்தனை பேர் பிறக்க நேர்ந்தது! பெரும் வெள்ளம் வந்த ஆண்டு, பெரிய பாட்டனார் மௌத்தான மறுமாதம், நோன்புப் பெருநாளைக்கு முந்திய வாரம் என்று நினைவில் வாழ்ந்த பிறப்புகள் பள்ளிப் பதிவேட்டில் ஏறியபோது ஒரே மாதத்திற்குள் அடங்கிவிட்டன.

பிறப்பைக் குறித்து வைக்காத வழக்கம் சாமானிய மக்களுக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர்களில் மாபெரும் அறிஞர்கள் பலருடைய பிறந்த ஆண்டே தெரியாத நிலை உண்டு. ஹிஜ்ரி 681 இல் மறைந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் தொகுத்த புகழ்பெற்ற வாழ்க்கை வரலாற்று நூலின் பெயர் ‘வஃபயாத்துல் அஃயான்’. பெருமக்களின் மறைவுகள் என்பது அதன் பொருள். ஒருவர் இன்ன நாளில் மறைந்தார் என்று உறுதியாகத் தெரிந்தவர்களையே அவர் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். இதில் ஓர் ஆழ்ந்த உண்மை இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. பிறக்கும்போது குழந்தை எவருக்கும் தெரியாது. ஆகவே அந்த நாளை எவரும் குறிப்பதில்லை. வாழ்ந்து, கற்று, பிறருக்குப் பயன்பட்டு மறையும்போது ஊரே அந்த நாளைக் குறித்துக்கொள்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திங்கட்கிழமைதோறும் நோன்பு நோற்றது பற்றி வினவப்பட்டபோது, தாம் பிறந்ததும் தமக்கு வஹீ அருளப்பட்டதும் அந்தக் கிழமையில்தான் என்று விடை பகர்ந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. பிறந்த கிழமையை அண்ணலார் நினைவுகூர்ந்த முறை அது. விருந்தன்று, நோன்பு. ஆண்டுக்கு ஒரு முறையன்று, வாரத்திற்கு ஒரு முறை.

ஐயத்திற்குரிய செப்டம்பர் 5

நான் பிழைக்க வந்த மயிலாப்பூரில், மெரினா கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் அகன்ற சாலை ஒன்று உண்டு. முன்னாளில் அதற்கு எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று பெயர். இந்நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை. இச்சாலையில் உள்ள ‘கிரிஜா’ என்னும் இல்லத்தில்தான் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1967 மே மாதம் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்று வந்து, தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையிலேயே மறைந்தார். சாலையின் கிழக்கு முனையிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சற்று நடந்தால் மாநிலக் கல்லூரி வந்துவிடும். 1909 ஏப்ரலில், இருபது வயது இளைஞராக அவர் ஆசிரியப் பணியைத் தொடங்கிய கல்லூரி அது. தொடங்கிய இடத்திற்கும் முடிந்த இடத்திற்கும் நடந்து செல்லும் தூரந்தான். ஆனால் அவ்விரண்டிற்கும் இடையே மைசூரும், கல்கத்தாவும், ஆக்ஸ்ஃபோர்டும், மாஸ்கோவும், டெல்லியும் கிடக்கின்றன!

அவருடைய பிறந்த நாள் செப்டம்பர் 5 என்பதை நாட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். திருத்தணியில், 1888 ஆம் ஆண்டு. ஆனால் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவருடைய மகனும் புகழ்பெற்ற வரலாற்றாசிரியருமான சர்வபள்ளி கோபால் எழுதி 1989 இல் வெளியான வாழ்க்கை வரலாற்று நூலில், செப்டம்பர் 5 என்பது பதிவுகளில் உள்ள தேதி என்றும், தாம் உண்மையில் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே இராதாகிருஷ்ணன் கருதினார் என்றும் குறிப்பிட்டுள்ளார்.

இதனைப் படித்தபோது நான் அடைந்த வியப்புக்கு அளவில்லை. தையற்கடைத் தொழிலாளியின் மகனுக்கும், நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவருக்கும் இந்த ஒன்றில் ஒற்றுமை இருக்கிறதே! பதிவேட்டில் ஒரு நாள், உள்ளத்தில் ஒரு நாள்.

அவர் செல்வக் குடியில் பிறந்தவரல்லர். திருப்பதியிலும் வேலூரிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் உதவித்தொகையின் துணையோடு பயின்றவர். உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த தத்துவப் பாடநூல்கள் செலவின்றிக் கிடைத்தமையாலேயே தத்துவத்தைப் பாடமாக எடுத்தார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. புத்தகம் வாங்கக் காசில்லாமை, உலகுக்கு ஒரு தத்துவப் பேராசிரியரைத் தந்தது.

அவருடைய பிறந்த நாள்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 1909 செப்டம்பர் 5, இருபத்தொன்றாம் பிறந்த நாள். அப்போது அவர் மாநிலக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். முப்பதாம் பிறந்த நாளன்று மைசூர் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர். மைசூரை விட்டு 1921 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் மலர்களால் அலங்கரித்த வண்டியில் அவரை அமர்த்தி, குதிரைகளுக்குப் பதிலாகத் தாங்களே இழுத்து இரயில் நிலையம் கொண்டு சேர்த்தார்கள். 1936 இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான பேராசிரியர். 1939 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1949 இல் சோவியத் ஒன்றியத்திற்குத் தூதர். 1952 முதல் பத்தாண்டுகள் குடியரசுத் துணைத் தலைவர். இத்தனை பிறந்த நாள்களும் அவருக்கே உரியனவாக இருந்தன. எழுபத்து நான்காம் பிறந்த நாள் மட்டும் அவருடையதாக இல்லை.

தானமாகத் தந்த நாள்

1962 மே 13 அன்று அவர் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு செப்டம்பர் 5 நெருங்கியபோது மாணவர்களும் நண்பர்களும் அவரை அணுகிப் பிறந்த நாளை விழாவாகக் கொண்டாட இசைவு கேட்டனர். தமக்கு விழா எடுப்பதற்குப் பதிலாக அந்நாளை ஆசிரியர்களுக்கு உரிய நாளாகக் கடைப்பிடித்தால் தாம் பெருமை கொள்வதாக அவர் தெரிவித்தார். அந்த ஆண்டு முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாயிற்று.

ஆசிரியர் நாள் பல நாடுகளில் உண்டு. நம் தமிழ் மக்கள் வாழும் மலேசியாவில் அது மே 16. ரசாக் கல்வி அறிக்கை 1956 இல் ஏற்கப்பட்ட நாள். ஐக்கிய நாடுகள் கல்வி நிறுவனமாகிய யுனெஸ்கோ 1994 முதல் அக்டோபர் 5 ஐ உலக ஆசிரியர் நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை 1966 இல் நிறைவேறிய நாள் அது. அவையெல்லாம் அறிக்கைகளும் தீர்மானங்களும் பிறந்த நாள்கள். நம் நாட்டில் மட்டும், ஒரு மனிதர் தம் சொந்தப் பிறந்த நாளைத் தம் தொழிலைச் சார்ந்த இலட்சக்கணக்கானோருக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தேதி சரியா, தவறா என்பது இனி யாருக்கு வேண்டும்? உண்மையில் அவர் செப்டம்பர் 20 இல் பிறந்திருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். பெற்ற நாளில் ஐயம் இருக்கலாம்; கொடுத்த நாளில் ஐயமில்லை.

ஓய்வுபெற்றுச் சென்னை வந்த 1967 ஆம் ஆண்டிலேயே, அவர் உயிரோடிருக்கும்போதே, இந்திய அஞ்சல்துறை அவருடைய உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. அதன்பின் 1974 வரையிலான அவருடைய செப்டம்பர் 5 கள் ஓய்வுக்காலத்தில் கழிந்தன. நாடெங்கும் பிள்ளைகள் தத்தம் ஆசிரியர்களை வாழ்த்திக்கொண்டிருந்த அந்நாள்களில் அம்முதியவரின் உள்ளம் எவ்வளவு நிறைந்திருக்கும் என்று அச்சாலையில் செல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அவ்வழியில் இருவர்

1967 இல் அவருக்குப் பின் குடியரசுத் தலைவரானவரும் ஓர் ஆசிரியரே. 1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் ஜாகிர் ஹுசைன், ஜெர்மனியில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அந்தப் படிப்புக்கு எத்தனையோ உயர்ந்த பதவிகள் காத்திருந்தன. அவரோ, மூடப்படும் நிலையில் இருந்த ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் பொறுப்பை 1926 இல் ஏற்றார். மாதம் 150 ரூபாய்க்கு மிகாத ஊதியத்தில் இருபது ஆண்டுகள் பணிபுரிவதாக உடன் பணியாற்றியோரோடு சேர்ந்து உறுதி எடுத்துக்கொண்டு, 1948 வரை அதன் துணைவேந்தராக விளங்கினார். இருபது பிறந்த நாள்களை ஒரு கல்விக்கூடத்திற்கு எழுதிக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

மற்றொருவர் நம் தமிழ் மண்ணின் மைந்தர், இராமேசுவரத்தில் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்த டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். அடையாற்றை அடுத்த கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோதுதான், 2002 ஜூன் 10 அன்று, குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை நிறுத்த விரும்புவதாகப் பிரதமர் வாஜ்பாயி தொலைபேசியில் தெரிவித்தார். பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் வகுப்பறைக்கே திரும்பினார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அவருடைய பிறந்த நாளைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே ‘இளைஞர் எழுச்சி நாள்’ என்று அறிவித்தது.

கலாம் அவர்கள் தம் தன்வரலாற்றில் தம் ஆசிரியர்களை மறவாமல் போற்றியிருக்கிறார். அவர்களில் ஒருவர் இராமேசுவரத்து அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். மாற்றுச் சமயத்துச் சிறுவனைத் தம் வீட்டிற்கு உணவுண்ண அழைத்தார். வீட்டார் பரிமாறத் தயங்கியபோது, தாமே தம் கையால் பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். அந்த ஆசிரியருடைய பிறந்த நாள் எதுவென்று நமக்குத் தெரியாது. அவர் கொடுத்ததோ வரலாறாகிவிட்டது.

சென்ற நாளும் செல்லாத நாளும்

இனி என் கதைக்குத் திரும்புகிறேன். அந்த மாநகராட்சிப் பள்ளியில் படித்து, உயர்நிலைப் பள்ளி கடந்து, கலைப் பாடத்தில் பட்டம் பெற்று, மார்க்கக் கல்வியும் பயின்று, மதரஸா ஆசிரியனாகப் பணியில் சேர்ந்தேன். ஜூன் 1 எத்தனையோ முறை வந்து சென்றது. அது கோடை விடுமுறையில் வருவதால் என் வகுப்புத் தோழர் ஒருவரும் எனக்கு வாழ்த்துச் சொன்னதில்லை. அது குறித்து எனக்கு வருத்தமும் இருந்ததில்லை.

2009 செப்டம்பர் 5. ரமலான் மாதத்தின் நடுப்பகுதி. அன்று காலை என்னிடம் ஓதும் பெண்குழந்தை ஒருத்தி, தன் பள்ளி ஆசிரியைக்குக் கொடுக்க வாங்கிய பூக்களில் ஒன்றை எனக்கும் கொடுத்தாள். அந்த ஒற்றை ரோஜாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான், என் தலையைச் சாய்த்த அந்த உள்ளங்கை நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் நான் அவரைத் தேடிச் சென்றதில்லை!

பழைய தோழர் ஒருவரிடம் விசாரித்து, மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த அவருடைய வீட்டைக் கண்டுபிடித்துச் சென்றேன். எண்பதை நெருங்கும் முதுமை. தாடியும் தொப்பியுமாக நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பழைய நிகழ்ச்சியைச் சொன்னேன். சிரித்தார்.

“எத்தனை பேருக்கு ஜூன் ஒன்று போட்டேனோ! உன் ஒருத்தனையே எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?”

அவருடைய மனைவியார் எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். நோன்பு என்று சொன்னேன். அம்மையார் என் டம்ளரை எடுத்துச் சென்றார். பெரியவர் தம் டம்ளரையும் எடுத்து, “இதையும் உள்ளே கொண்டு போ, பிறகு குடிக்கிறேன்” என்று கொடுத்துவிட்டார்.

சற்றுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் நான் பிறந்தது முஹர்ரம் மாதம் என்றேன். அவர் முகம் சற்று மாறியது.

“உன் அப்பா அன்றைக்கே மாதத்தைச் சொல்லியிருப்பார். காலண்டரைப் பார்த்திருந்தால் சரியான தேதியைக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் சரியான தேதியைப் போட்டால் உன்னைச் சேர்க்க முடியாதே! பொய் எழுதியது தப்புத்தான். எழுதாமல் இருந்திருந்தால் அதைவிடப் பெரிய தப்பாகிவிடுமோ என்று அன்றைக்குத் தோன்றியது.”

நான் அவருக்கு என்ன மறுமொழி சொல்வது? சட்டத்தின் கண்ணில் அது தவறே. ஆனால் அந்த ஒரு வரியால் எங்கள் குடும்பம் சென்னையில் தங்கிற்று, நான் படித்தேன், என் தம்பியும் தங்கையும் என்னைத் தொடர்ந்து படித்தார்கள். புறப்படும்போது ஒரு பையில் வாழைப்பழங்களை வைத்துக் கையில் கொடுத்து, “நோன்பு திறக்கும்போது சாப்பிடு” என்றார். அன்று மாலை அப்பழத்தைக் கொண்டே நோன்பு திறந்தேன்.

மறு ஆண்டும் செல்ல எண்ணினேன், செல்லவில்லை. வேலை மிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு அடுத்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று சென்றபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பெரியவர் மறைந்து ஆறு மாதமாயிற்று என்றும், அம்மையார் மகனோடு வெளியூர் சென்றுவிட்டார் என்றும் சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுக் கடனுக்கு என்னால் ஒரே ஒரு மாலைப்பொழுதைத்தான் திருப்பித் தர முடிந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்த மழை

மறக்க முடியாத மற்றொரு பிறந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்கள். சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள்கள் குறைவு. ஆகவே நம் மாதங்கள் ஆண்டுதோறும் சற்று முன்னோக்கி நகர்ந்து, கோடை, மழை, பனி என எல்லாப் பருவங்களையும் கடந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் தொடங்கிய பருவத்திற்கே திரும்புகின்றன. ஆங்கிலக் கணக்கில் அறுபது வயதானவருக்கு ஹிஜ்ரிக் கணக்கில் ஏறத்தாழ அறுபத்திரண்டு வயதாகிறது.

இக்கணக்குப்படி என் உண்மையான பிறந்த நாள் மறுபடியும் மழைக்காலத்திற்கு வந்தது ஹிஜ்ரி 1434 முஹர்ரத்தில். அதாவது 2012 நவம்பர் மாதத்தில். ஆஷூரா கழிந்த சில நாள்களில், விடியற்காலையில் நான் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டபோது வாசலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. எண்ணும் எழுத்தும் அறியாத என் தாயார் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். “இதே மாதம், இதே நேரம், இதே மழை. நீ பிறந்த நாள் திரும்பி வந்துவிட்டதடா” என்றார்கள். கணக்கும் தெரியாமல், நாள்காட்டியும் பார்க்காமல் அத்தாயின் உள்ளம் அந்த நாளைக் கண்டுகொண்டது! அந்த மழை இனி என்னிடம் வருவது 2045 இல். நான் இருப்பேனா என்பதை இறைவனே அறிவான். சொல்ல என் தாயார் இருக்கமாட்டார்கள். அவர்கள் 2016 இல் இறைவனடி சேர்ந்தார்கள்.

இன்றைய பெற்றோருக்கு

என் கதையைக் கேட்டு, பதிவேட்டில் எதையாவது எழுதிக்கொள்ளலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அந்தக் காலம் போய்விட்டது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969 இலேயே இயற்றப்பட்டது. குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பெயர் சூட்டத் தாமதமானால் பெயரில்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, அரசுப் பணி ஆகியவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. தலையைச் சாய்த்துக் காதை எட்டச் செய்யும் ஆசிரியர் இனி தேவையில்லை. சான்றிதழில் உள்ள பெயரின் எழுத்துகளும் மற்ற ஆவணங்களில் உள்ள எழுத்துகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெயர்கள் அரபியிலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் செல்லும்போது மாறிவிடுவதால் பின்னாளில் அலைச்சல் நேர்கிறது.

தேதி நமக்கு எளிதில் கிடைத்துவிட்டது. அத்தேதியில் என்ன செய்கிறோம் என்பதே இனிக் கேள்வி. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளின் பிறந்த நாள் வரும்போது கேக்கும் மெழுகுவர்த்தியும் இல்லை. முந்திய வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரையோ ஆசிரியையையோ நேரில் சென்று சந்தித்து நன்றி சொல்லி, அவர்களுடைய பள்ளி நூலகத்திற்கு ஒரு புத்தகம் கொடுத்துவிட்டு வருவார்கள். செலவு சிறிதே. அதற்குள் அந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் மாலை அச்சிறுவன் மறக்காமல் கேட்டான்: “ஹஜ்ரத், இரண்டு என்றீர்களே, எந்த இரண்டு?”

“ஒன்றை என் தாயார் மனத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மற்றொன்றை என் ஆசிரியர் பதிவேட்டில் எழுதி வைத்தார்” என்றேன். “முதல் வகுப்பில் உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் யார்?”

பெயரைச் சொன்னான். இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறாராம்.

“நேற்று அவருக்கு மிட்டாய் கொடுத்தாயா?”

இல்லை என்று தலையசைத்தான்.

“பொட்டலத்தில் மீதி இருக்கிறதா?”

“இரண்டு இருக்கிறது ஹஜ்ரத்.”

“நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடு. அடுத்த ஆண்டு என்று வைத்துக்கொள்ளாதே.”

நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களை நாடிச் சென்று நன்றி கூறும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! மறைந்தவர்களின் நற்பணியை ஏற்று அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.